கறிவேப்பிலைத் தொட்டியைத் தோண்டிய பச்சோந்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவில், டொரண்டோவை ஒட்டிய நகரொன்றில் ஒரு குளிர்காலத்தில் நடந்தது இது. அயல்நாட்டு வளர்ப்புப் பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவமனை ஒன்றில் நான் உதவியாளர். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். பச்சோந்தியைக் கூண்டுக்கு வெளியே உலவ விடலாமா என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஆமென்றோ இல்லையென்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாததற்கு இந்த நிகழ்வு ஒரு காரணம்.

பின்னணி

அடுக்குமாடிக் குடியிருப்பில் 14ஆவது மாடி. கணவன், மனைவி, 13 வயது மகள், 4 வயது மகன். மகளின் பிறந்த நாளுக்காக வாங்கியது அந்தப் பச்சோந்தி. வாங்கும்போது மூன்று மாதக் குட்டி. 'வெய்ல்டு' எனப்படும் வகை. ஏமன், சவூதி அரேபியா பகுதியைச் சேர்ந்த இந்த வகை வட அமெரிக்காவில் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து விற்கப்படுகிறது. (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: நம் ஊர்ப் புதர்க்காடுகளில் இருக்கும் இந்தியப் பச்சோந்தி வேறு இனம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.)

கடையில் அதை ஆண் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தலைக்கொண்டை எடுப்பாக இருந்ததால் வீட்டிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த வகையில் பெண்ணுக்கும் கொண்டை உண்டு, ஆணுக்கு இன்னும் உயரம், அவ்வளவுதான். குட்டியில் பார்க்க வேண்டியது பின்னங்காலின் குதிகால். ஆணுக்குப் பிறக்கும்போதே அங்கே சிறு முள் போன்ற புடைப்பு இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. பார்க்க அரை நிமிடம் போதும்.

பச்சோந்தியோடு 'தொடக்கத் தொகுப்பு' என்று கடை கொடுத்தது 40 சென்டிமீட்டர் அகல நீளமும் 75 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வலைக்கூண்டு, ஒரு வெப்ப விளக்கு, சுருள் வடிவ யூவிபி விளக்கு (வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிரைத் தருவது), பிளாஸ்டிக் கொடிகள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கும் தானியங்கித் தெளிப்பானை அப்பா தனியாக வாங்கிப் பொருத்தினார். கூண்டை வைத்தது வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், இடுப்புயர மேசைமேல்.

கதவைத் திறந்துவிட்டது

அக்டோபரில், ஏறத்தாழ 11 மாத வயதில், பச்சோந்தி வலையைப் பற்றிக்கொண்டு மேலும் கீழுமாக ஏறி இறங்கத் தொடங்கியது. மூக்கை வலையில் உரசி உரசி ஒரு செதில் உதிர்ந்தது. மகள் கதவைத் திறந்ததும் நேராக அவள் கையில் ஏறி, தோளுக்குப் போய், அங்கிருந்து திரைச்சீலைக்குத் தாவப் பார்த்தது. "பாவம், அதுக்கு அடைஞ்சு கிடக்கப் பிடிக்கலை" என்று முடிவாயிற்று.

நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு. ஏற்பாடும் கொஞ்சம் யோசித்துத்தான் செய்தார்கள். ஜன்னலோரம் ஆளுயர ஃபைக்கஸ் செடி ஒன்று வாங்கி வைத்தார்கள். அதிலிருந்து திரைச்சீலைக் கம்பிக்கும், கம்பியிலிருந்து இன்னொரு ஜன்னலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டிக்கும் சணல் கயிறு கட்டினார்கள். (கோடையில் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலையைக் குளிர் வருமுன் உள்ளே கொண்டுவருவது இங்கே பல தமிழ் வீடுகளில் வருடாந்தர வேலை.) வீட்டில் நாயோ பூனையோ இல்லை. பள்ளி விட்டதும் மூன்றரை மணிக்கு மகள் கதவைத் திறப்பாள், இரவு எட்டு மணிக்குப் பிடித்து உள்ளே விடுவாள். சனி, ஞாயிறு முழுநாளும் வெளியேதான். டிசம்பர் விடுமுறையில் கதவை மூடுவதையே விட்டுவிட்டார்கள். இரவில் திரைச்சீலைக் கம்பியின் உச்சியிலேயே தூங்கியது.

கையில் ஏறியதை வீட்டார் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். உயரத்தைத் தேடும் பிராணிக்குக் கை என்பது இன்னொரு கிளை, தோள் அதைவிட உயரமான கிளை. இதைச் சொல்லும்போது குழந்தைகளின் முகம் வாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'நம்மிடம் வர விரும்புகிறது' என்று நினைத்துவிட்டால், கூண்டில் எது சரியில்லை என்று யாரும் தேடமாட்டார்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை

இந்தக் காலத்தில் நடந்தவற்றை எங்களால் ஓரளவு சரியாக அடுக்க முடிந்ததற்கு மகளின் கைபேசிதான் காரணம். தினமும் படம் எடுத்திருக்கிறாள், தேதியோடு.

நவம்பர் படங்களில் பச்சோந்தி இளம்பச்சை. டிசம்பர் கடைசியில் நிறம் மாறுகிறது: அடர்ந்த பச்சை, சில நேரம் கறுப்புக்குப் பக்கத்தில், அதன்மேல் மஞ்சள் திட்டுகளும் நீலப் புள்ளிகளும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுதந்திரமாகத் திரிவதால் நிறம் பொலிந்துவிட்டது என்று வீட்டில் மகிழ்ந்தார்கள். வயிற்றில் முட்டை உள்ள பெண் வெய்ல்டு காட்டும் நிறம் அது. ஆண் நெருங்க வேண்டாம் என்பதற்கான அறிவிப்பு.

ஜனவரி முதல் வாரத்தில் உணவு குறைந்தது. கூண்டுக்குள் கோப்பையில் வைத்த சிள்வண்டுகள் அப்படியே இருந்தன. "வெளியே ஏதாவது பிடிச்சுத் தின்னிருக்கும்" என்றார் அப்பா. பனி கொட்டும் ஜனவரியில், பதினான்காம் மாடியில், மூடிய ஜன்னலுக்குள் என்ன பூச்சி இருந்திருக்கும் என்று மருத்துவர் பிறகு கேட்டபோது அவரே சிரித்துவிட்டார். ஆனால் கூண்டுக்குள்ளேயே இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தின்றதா இல்லையா என்பது மறுநாள் காலையில் தெரிந்திருக்கும். எச்சமும் அப்படித்தான். சோபாவுக்குப் பின்னாலும் திரைச்சீலை மடிப்பிலும் காய்ந்து கிடந்ததைப் பின்னால்தான் கண்டுபிடித்தார்கள்.

தண்ணீரும் தவறிப்போனது. பச்சோந்தி பொதுவாகக் கிண்ணத்தில் தேங்கிய நீரைக் குடிக்கப் போகாது, இலையில் உருளும் துளியை நக்கித்தான் குடிக்கும். தெளிப்பான் காலையும் மாலையும் கூண்டுக்குள் தெளித்துக்கொண்டுதான் இருந்தது, வெறும் பிளாஸ்டிக் கொடிகள்மீது. இங்கே குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடும் வீட்டில் காற்று உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்டிருக்கும்.

அடுத்தது மண். ஒரு நாள் காலையில் கறிவேப்பிலைத் தொட்டியைச் சுற்றித் தரையெல்லாம் மண். மறுநாளும் அப்படியே. மகள் எடுத்த சிறிய காணொளி ஒன்று இருக்கிறது: பச்சோந்தி தொட்டியின் விளிம்பில் தலைகீழாக நின்று முன்னங்கால்களால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளுகிறது, நிறுத்துகிறது, கண்ணை மட்டும் சுழற்றிக் கைபேசியைப் பார்க்கிறது, பிறகு வெளியே வந்துவிடுகிறது. தொட்டி 20 சென்டிமீட்டர் ஆழம்கூட இல்லை. அதிலும் பாதி வேர்.

கறிவேப்பிலை அம்மாவின் செல்லம். ஊரில் செய்வதைப் போலப் புளித்த மோர் ஊற்றி நான்கு வருடமாகக் காப்பாற்றி வந்தது. தோண்டிய மண்ணை அள்ளிப் போட்டு, அழுத்தி, மேலே கூழாங்கல் பரப்பினார். பச்சோந்தி கல்லையும் புரட்டியது. அப்புறம் அலுமினியத் தாளைச் சுற்றி ஒட்டினார்.

அந்த வாரம் ஈரோட்டிலிருந்து பாட்டி காணொளி அழைப்பில் இதைப் பார்த்துவிட்டு, "முட்டை வெக்கறதுக்கு மண்ணு பறிக்கறாப்பல இருக்குதே கண்ணு" என்றிருக்கிறார். தோட்டத்தில் ஓணான் குழி பறித்து முட்டையிடுவதைப் பார்த்துப் பழகியவர். பேத்தி சொன்ன பதில்: "அது ஆம்பளை, அம்மிச்சி." பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் தோண்டுவது நின்றது. அடங்கிவிட்டது என்று நினைத்தார்கள். அது ஃபைக்கஸின் கீழ்க்கிளையில், பகலிலேயே கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தது. பகலில் கண் மூடிய பச்சோந்தி என்றால் நோய் என்று மகள் எங்கோ படித்திருந்தாள். மறுநாளே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஒரு நாள் பெரிய விஷயம்.

மருத்துவமனையில் கண்டது

எடை 124 கிராம். கண்குழிகள் உள்வாங்கியிருந்தன. பெட்டியில் போட்ட யூரேட், அதாவது எச்சத்தோடு வரும் வெண்பகுதி, ஆரஞ்சு நிறமாக இருந்தது. நீர்ச்சத்து சரியாக இருந்தால் அது வெள்ளையாக இருக்கும். முன்பாதி மெலிந்து, வயிறு பேரிக்காய் வடிவில் தொங்கியது. குதிகாலில் முள் இல்லை. ஒரு முன்காலின் நகம் ஒன்று பிடுங்கப்பட்டு ஆறியிருந்தது. திரைச்சீலை நெசவில் மாட்டியிருக்க வேண்டும், வெளியே திரியும் பச்சோந்திகளிடம் நாங்கள் பார்க்கும் காயம்.

ஊடுகதிர்ப் படத்தில் வயிறு முழுக்க முட்டை, எண்ணியவரை 38. எலும்பின் வெளிச்சுவர் மெலிந்திருந்தது, இடது முன்காலில் லேசான வளைவு. கால்சியம் பற்றாக்குறையின் ஆரம்ப நிலை. இரத்தத்தில் மொத்தக் கால்சியம் அதிகமாகவே காட்டியது. முட்டை உருவாகும் காலத்தில் கால்சியம் முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதத்தோடு பிணைந்து இரத்தத்தில் சுற்றுவதால் அப்படித் தெரியும். உடம்பு உண்மையில் பயன்படுத்தக்கூடிய அயனிக் கால்சியத்தைத் தனியாகப் பார்த்தபோது குறைவாக இருந்தது.

"ஆண் பச்சோந்தி வேறெதுவும் வீட்டில் இல்லையே, எப்படி?" என்று அம்மா கேட்டார். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுகிறதே, அதே மாதிரிதான் என்றார் மருத்துவர். பெண் வெய்ல்டு பருவம் வந்ததும் இணை இல்லாமலேயே முட்டை உருவாக்கும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். வெப்பமும் தீனியும் அதிகமானால் முட்டையின் எண்ணிக்கையும் கூடும். இடுவதற்கு ஆழமான ஈரமண் வேண்டும். கிடைக்காவிட்டால் பிடித்து வைத்துக்கொண்டே நாட்களைக் கடத்தும், கடைசியில் இட வலுவில்லாமல் போய்விடும்.

வீட்டில் கூண்டை அளந்து அனுப்பச் சொன்னோம். சுருள் விளக்கைக் கையோடு கொண்டுவந்தார் அப்பா. வாங்கி ஒரு வருடம் ஆகப்போகிற விளக்கு. வெயில் காயும் கிளை இருந்த அதே தூரத்தில் அளந்தபோது யூவி குறியீடு 0.4. இந்த வகைக்கு அந்த இடத்தில் 3 அளவில் வேண்டும். ஃபைக்கஸ் செடிக்கு நல்ல வெயில் வருமே என்று அவர் சொன்னார். ஜன்னல் கண்ணாடி வழியே வெளிச்சமும் வெப்பமும் வரும், யூவிபி வராது. அது இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேராது. அக்டோபரிலிருந்து பகலின் பெரும்பகுதி வெளியே, அதிலும் டிசம்பருக்குப் பிறகு முழுக்க வெளியே. பலவீனமான அந்த விளக்கின் கீழும் அது இருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனே அறுவை சிகிச்சை செய்வது ஒரு வழி. மருத்துவர் அதை முதலில் எடுக்கவில்லை. முட்டைகள் ஒரே அளவில், ஓடு உருவாகி, உருக்குலையாமல் இருந்தன, வழியை அடைத்தபடி எதுவும் தெரியவில்லை. பச்சோந்தி தொட்டால் கண் திறந்தது, குச்சியை இறுக்கிப் பிடித்தது. நீர் வற்றிய உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் அப்போது பெரிய ஆபத்து. எனவே முதலில் திரவமும் கால்சியமும் ஏற்றி, உடம்பைச் சூடாக்கி, முட்டையிட இடம் கொடுத்து இரண்டு நாள் பொறுப்பது என்று முடிவானது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியையும் நிறுத்தி வைத்தார். கால்சியம் குறைவாக உள்ளபோது அது வேலை செய்யாது, அடைப்பு ஏதும் இருந்தால் உள்ளே கிழிந்துவிடவும் கூடும்.

முட்டையிடும் தொட்டி எளிய விஷயம்தான். 30 சென்டிமீட்டருக்கும் மேல் ஆழமுள்ள பிளாஸ்டிக் வாளி, கழுவிய மணலும் உரம் கலக்காத மண்ணும், குகை தோண்டினால் இடியாத அளவு ஈரம். வாளியைச் செடிகளோடு ஒரு கூண்டில் வைத்து மூன்று பக்கமும் துணியால் மூடினோம். உள்ளே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினேன். தோண்டும்போது ஆள் பார்ப்பது தெரிந்தால் குழியைக் கைவிட்டுவிடும். வரவேற்பறையில் அதற்கு ஒரு காலையும் தனிமை கிடைக்கவில்லை, நான்கு வயதுப் பையன் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறான்.

இரண்டாம் நாள் பிற்பகல் தோண்டத் தொடங்கியது. மறுநாள் காலையில் மண்ணை மூடி மேலே ஏறி உட்கார்ந்திருந்தது, உடம்பெல்லாம் மண். வாளியில் 33 முட்டை. மறுபடி எடுத்த படத்தில் உள்ளே ஐந்து தங்கியிருந்தன. இப்போது ஆக்சிடோசின் கொடுத்ததில் ஒன்று வந்தது. மீதி நான்கு அசையவில்லை. உடம்பு தேற மூன்று நாள் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். முட்டைக் குழாயோடு சூலகங்களையும் சேர்த்து எடுத்தார்கள். சூலகத்தை விட்டுவைத்தால் அடுத்த சுற்றில் மஞ்சள் கரு வயிற்றறைக்குள் விழுந்து புண்ணாகும். செலவு எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் டாலரைத் தாண்டியது. இதையும் எழுதக் காரணம், பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் கருணைக்கொலையைத் தேர்ந்தெடுக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு விஷயத்தையும் மருத்துவர் கேட்டார்: அந்தக் கறிவேப்பிலையைச் சமையலுக்குக் கிள்ளினீர்களா? கிள்ளியிருக்கிறார்கள், தினமும். ஊர்வன பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அது தீவிரமாகலாம். பையனுக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வரவில்லை. இருந்தாலும் செடியைக் கவாத்து செய்து, படுக்கையறைக்கு மாற்றி, புதுத் துளிர் வரும்வரை இலையைத் தொடவில்லை. பச்சோந்தி ஏறிய கயிறு, திரைச்சீலை எல்லாம் வெந்நீரில் போயின.

அதன்பின்

அக்டோபரில் வலையைப் பற்றி ஏறியதற்கும் முட்டைதான் காரணமா என்று குடும்பத்தார் கேட்டார்கள். மருத்துவரின் கணிப்பு வேறு. அக்டோபரில் அதை அலைக்கழித்தது கூண்டு: சிறியது, தாழ்ந்தது, மறைவில்லாதது, வெளிச்சம் போதாதது. ஜனவரியில் அலைக்கழித்தது முட்டை. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. முதல் தவிப்புக்குக் கதவைத் திறந்துவிட்டு அதன் அடையாளத்தை அழித்துவிட்டதால், இரண்டாவது வந்தபோது அது புதிது என்றே யாருக்கும் தெரியவில்லை. இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான்.

கூண்டை மாற்றினார்கள். 60க்கு 60, உயரம் 120 சென்டிமீட்டர். தொலைக்காட்சியிடமிருந்து எதிர்ச் சுவருக்குப் போயிற்று. உச்சிக் கிளை ஆளின் கண் மட்டத்துக்கு மேலே வரும்படி உயர்த்தினார்கள். இரண்டு பக்கம் அடைத்து, உள்ளே உயிருள்ள செடிகள், நீளக்குழல் யூவிபி விளக்கு, காயும் கிளையில் 28 டிகிரி. தீனி ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்று நான்கு சிள்வண்டு, கால்சியம் பொடி தூவி. நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின்தராசு ஒன்று வாங்கி ஞாயிறுதோறும் எடை பார்த்து மகள் எழுதி வைக்கிறாள்.

ஆறாவது வாரம் தையல் பிரிக்க வந்தபோது நிறம் மறுபடி இளம்பச்சை. முன்கால் வளைவு அப்படியே நின்றுவிட்டது, பிடிப்பதற்கு இடைஞ்சல் இல்லை. வலையைப் பற்றி ஏறுவது நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். கதவைத் திறந்து வைத்தாலும் பெரும்பாலும் வெளியே வருவதில்லையாம். மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மறுபடி வெளியே விடலாமா

விடலாம், சில ஏற்பாடுகளோடு. ஃபைக்கஸ் செடி இருக்கட்டும், அதற்கு மேலேயும் ஒரு யூவிபி விளக்கு வேண்டும். தொங்கும் வெப்ப விளக்கை எட்டும்படி கிளை இருக்கக் கூடாது, ஏனென்றால் பச்சோந்தி சூட்டை உணர்ந்து சட்டென்று விலகாது, கொண்டை வெந்தபின்தான் நமக்கே தெரியும். திரைச்சீலையைச் சுருட்டிக் கட்ட வேண்டும். ஒருவர் அறையில் இருக்கும்போது மட்டும், தெளிப்பு முடிந்து நீர் குடித்தபின், ஒரு மணி நேரம். உண்பதும் தூங்குவதும் கூண்டில்தான். அதுவாகக் கையில் ஏறினால் கொண்டுவரலாம், பிடித்து இழுக்கக் கூடாது. குடும்பம் இப்போது வாரத்துக்கு ஒருநாள் இப்படிச் செய்கிறது.

கோடையில் பால்கனியில் விடலாமா என்றும் கேட்டார்கள். நேரடி வெயிலுக்கு ஈடான விளக்கு கிடையாது, ஆனால் மூடிய வலைக்கூண்டோடு, பாதி நிழலோடு மட்டும். திறந்த செடியில் விட்டுவிட்டுத் 'திரும்பப் பிடித்துக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது ஹவாய்க் கதை. 1972இல் ஓவாகு தீவின் கானியோஹேவில், கென்யாவிலிருந்து வந்து இளைத்துப்போயிருந்த ஜாக்சன் பச்சோந்திகளை ஒரு பிராணிக்கடைக்காரர் தேறட்டும் என்று தன் தோட்டத்தில் விட்டார். அவை பரவி, வேறு தீவுகளுக்கும் போய், அங்கு மட்டுமே வாழும் மரநத்தைகளைத் தின்னும் அளவுக்குப் பெருகிவிட்டன. புளோரிடாவில் வெய்ல்டு வகையும் காட்டுப்போக்கில் வாழ்கிறது. டொரண்டோவில் முதல் உறைபனியோடு செத்துவிடும்.

இனி மாறுவது

எங்கள் மருத்துவமனையின் முதல்வருகைப் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன: குதிகாலைப் பார்த்துப் பாலினம் உறுதி செய்யப்பட்டதா, கூண்டுக்கு வெளியே ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எந்த விளக்கின் கீழ். பெண் என்று உறுதியானால் நான்கைந்து மாத வயதிலேயே முட்டையிடும் தொட்டியை நிரந்தரமாக வைக்கச் சொல்லி, மண் கலவையின் அளவோடு ஒரு தாளைக் கொடுத்தனுப்புகிறோம். வெளியே விட அனுமதி கேட்டு வருபவர்களிடம் முதலில் ஒரு வாரம் தீனி, எச்சம், எடை மூன்றையும் எழுதிக் கொண்டுவரச் சொல்கிறோம். கூண்டின் படமும் வேண்டும், விளக்கு தெரியும்படி. அதைப் பார்த்த பிறகுதான் கதவைப் பற்றிப் பேச்சு.